மூன்று முயல்கள், இரண்டு கம்பி வேலிகள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

நாய்க்குட்டிகளுக்காக விற்கப்படும் மடக்குக் கம்பி வேலி ஒன்றைச் சென்ற ஆண்டு ஜூலையில் 3,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எட்டுத் தட்டிகள், ஒவ்வொரு தட்டியும் 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம், ஒரு தட்டியில் மட்டும் கதவு. பத்து நாள் கழிவதற்குள் அதே அளவில் இரண்டாவது வேலியையும் வாங்க வேண்டி வந்தது. ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்த இரண்டு முயல்களோடு மூன்றாவது முயலைச் சேர்க்க வேண்டியிருந்ததால்தான் இந்த வேலியைத் தேடினேன். கூண்டு, விலை உயர்ந்த தீவனம், விளையாட்டுப் பொருள்கள் என்று நான் செலவழித்தவை எல்லாவற்றையும்விட இந்த வேலிதான் என் முயல்களுக்கு அதிகம் பயன்பட்டது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியும். குறைகளும் உண்டு. அவற்றில் இரண்டு, தெரியாமல் வாங்குகிறவருடைய முயலைக் காயப்படுத்தக் கூடியவை என்பதால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முயலுக்குத் துணை எதற்கு, அது தனியாகத் திரியும் பிராணிதானே என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் நம் சொல்லிலேயே இருக்கிறது. கரட்டிலும் கொல்லைக்காட்டிலும் ஓடுகிற நம் நாட்டு முயலையும் வீட்டில் வளர்க்கிற முயலையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு இனங்கள். நம் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லடியில் தனியாகப் படுத்திருக்கும். அதன் குட்டிகள் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டு முயலின் முன்னோரோ ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மண்ணைக் குடைந்து வளை அமைத்துக் கூட்டமாக வாழ்ந்தவை. அவற்றின் குட்டிகள் உரோமமின்றி, கண் மூடியபடி, வளைக்குள் பிறக்கின்றன. அந்தக் கூட்டத்துக்குள் யார் மூத்தவர், யார் இளையவர் என்ற வரிசை உண்டு. கூட்டத்துக்கென்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் புதிதாக வரும் முயலைத் துரத்தி அடிக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே, துணையில்லாமல் வாடுகிற அதே பிராணிதான் அறிமுகமில்லாத துணையைக் கடித்துக் கிழிக்கவும் செய்கிறது. வேலியின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பைப் பற்றி விசாரித்தால் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் பண்ணைகளிலிருந்து வருவது. நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்கள் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் போன்ற இறைச்சி இனங்களைப் பல்லாண்டுகளாக வளர்த்து வருகின்றன. செல்லப் பிராணி என்று கடைகளில் விற்கப்படும் முயல்களில் பலவும் இத்தகைய பண்ணை இனங்களின் வழிவந்தவையே. நான்கு மாதம் ஆனதும் ஒவ்வொன்றையும் தனிக் கூண்டில் அடையுங்கள் என்று பண்ணையாளர் சொல்வது அவருடைய தொழிலுக்குச் சரியானதே. இனச்சேர்க்கையைக் கட்டுப்படுத்த வேண்டும், சண்டையில் தோல் கிழியக் கூடாது என்பது அவருடைய கவலை. எட்டு, பத்து ஆண்டுகள் வீட்டுக்குள் வாழப்போகிற முயலுக்கு அந்த அறிவுரையைப் பின்பற்றினால், அது வாழ்நாள் முழுவதும் தன் இனத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கழித்துவிடும். 1988இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஹவுஸ் ராபிட் சொசைட்டியும் பிரிட்டனின் முயல் நல அமைப்பும் ஜோடியாகவோ குழுவாகவோ வளர்க்கும்படி வற்புறுத்துவது இதனால்தான். ஆனால், இரண்டையும் ஒரே கூண்டில் போட்டுவிட்டால் பழகிவிடும் என்று அவர்கள் ஓரிடத்திலும் சொல்வதில்லை.

என் முதல் இரண்டு முயல்களான கரும்பியையும் சோளத்தையும், இரண்டும் பெண், அக்கா தங்கை என்று சொல்லி விற்றார்கள். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் கரும்பி தன் மார்பு உரோமத்தைப் பிடுங்கி, வைக்கோலோடு சேர்த்து மூலையில் மெத்தை கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அதற்குள் ஐந்து குட்டிகள். முயலின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 31 நாள்தான். குட்டி ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படவும் கூடும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். சோளத்தை உடனே பிரித்தோம். ஐந்து குட்டிகளுக்கும் நல்ல வீடு தேடிக் கொடுக்க மூன்று மாதம் ஆயிற்று. விற்கும் வயதில் ஆண், பெண் அடையாளம் காண்பது கடினம் என்பது உண்மை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அதன் பிறகு இருவருக்கும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தோம். முதலில் போன மருத்துவமனையில் முந்தைய இரவே பட்டினி போடச் சொன்னார்கள். நாய்க்கும் பூனைக்கும் அது சரி. வாந்தி எடுக்கும் திறனே இல்லாத முயலுக்குப் பட்டினி தேவையில்லை. வயிறு காலியானால் குடலின் இயக்கமே நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஆகவே முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரைத் தேடி வேறிடம் போனோம். குழுவாக வளர்க்க விரும்புகிறவர் வேலி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் செலவு இதுதான் என்பதால்தான் இங்கே குறிப்பிடுகிறேன். கருத்தடை செய்யாத முயல்களை எந்த வேலியாலும் நிலையாகப் பழக்க முடியாது. பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், தனியாக வளர்ப்பவருக்குக்கூட இந்தச் செலவு வீண் இல்லை. ஆண் முயலுக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் ஆறு வாரம் வரை சினைப்படுத்தும் திறன் எஞ்சியிருக்கலாம். அதுவரை பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

மூன்றாவதாக வந்தவள் பஞ்சு. வெளியூருக்கு மாற்றலான ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போன, இரண்டு வயதான, பெரிய வெள்ளைப் பெண் முயல். ஏற்கெனவே ஒன்றிப்போன ஒரு ஜோடியோடு மூன்றாவதைச் சேர்ப்பது, தனி முயல்கள் இரண்டைச் சேர்ப்பதைவிடக் கடினம். புதியவள் அடிபடுவதோடு பழைய ஜோடியும் உடைந்துபோகலாம். அதனால்தான் அவள் வருவதற்கு முன்பே வேலியை வாங்கி வைத்தேன்.

வேலியைப் பூட்டுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. தட்டிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டே வருகின்றன. விரித்து, இரு முனைகளையும் நீண்ட கம்பி ஒன்றால் இணைத்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. வேண்டாதபோது மடித்துக் கட்டிலின் அடியில் தள்ளிவிடலாம். பழக்குவதற்கென்று தனி அறை ஒதுக்க முடியாத நம் வீடுகளுக்கு இது மிகப் பெரிய வசதி.

இடத்தைக் கணக்கிடும்போதுதான் இதன் உண்மையான பயன் தெரிகிறது. எட்டுத் தட்டிகளையும் எண்கோணமாக நிறுத்தினால் உள்ளே சுமார் 1.7 சதுர மீட்டர் கிடைக்கும். சதுரமாக நிறுத்தினால் 1.44தான். அதே வேலியை ஒரு சுவரை ஒட்டி, பக்கத்துக்கு இரண்டும் முன்னால் நான்குமாக நிறுத்தினால் 2.88 சதுர மீட்டர். அறையின் மூலையில், இரண்டு சுவர்களையும் பயன்படுத்திக்கொண்டு நான்கும் நான்குமாக நிறுத்தினால் 5.76. பிரிட்டனின் முயல் நல அமைப்பு இரண்டு முயல்களுக்குக் குறைந்தது 3 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது 6 சதுர மீட்டர், எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஒரே வேலியால் அந்த அளவை ஏறத்தாழ எட்டிவிடலாம் என்பதை விற்பனைப் பக்கத்தில் ஒருவரும் எழுதுவதில்லை. நடுக்கூடத்தில் எண்கோணமாக நிற்கும் படத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்த எண்கோணத்துக்கும் ஒரு தனிப் பயன் இருக்கிறது. முயல்களை முதன்முதலாக நேருக்கு நேர் விடும்போது கூர்மையான மூலை இருக்கக் கூடாது. துரத்தப்படும் முயல் மூலைக்குள் ஒடுங்கினால், தப்ப வழியின்றித் திரும்பிக் கடிக்கும். எண்கோணத்தில் மூலைகள் விரிந்திருப்பதால் ஓடுகிற முயல் ஓடிக்கொண்டே திரும்பிவிடுகிறது. எனவே சந்திப்புக்கு எண்கோணம், வசிப்பதற்குச் சுவரை ஒட்டிய வடிவம் என்று இரண்டு விதமாகவும் பயன்படுத்தினோம்.

இனி முதல் பெரிய குறை. கம்பிகளுக்கு இடையில் மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. நாய்க்குட்டிக்கு அது பொருட்டில்லை. முயலின் மூக்கும் மேலுதடும் அதற்குள் எளிதாக நுழையும். பஞ்சு வந்த ஒன்பதாம் நாள், தீவனம் வைக்கும் நேரத்தில், அவள் மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்ட, கரும்பி மறுபுறத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் கடித்தாள். சத்தமே இல்லை. வெள்ளை உரோமத்தில் சிவப்பு பரவுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கோதுமை மணி அளவுக்கு உதட்டில் கிழிந்திருந்தது. மருத்துவர் சுத்தம் செய்து, ஊசி போட்டு அனுப்பினார். முயலின் கடிக்காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே கெட்டித் தயிர் போலச் சீழ் கோத்துக்கொள்ளும். ஆகவே மஞ்சள் பூசிவிட்டு விட்டுவிடக் கூடாது. வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் மருந்தை வாய்வழியாகக் கொடுப்பது இன்னும் ஆபத்தானது. குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலின் உயிரையே எடுத்துவிடும்.

அன்று மாலையே இரண்டாவது வேலிக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு வேலிகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினால், பார்க்கலாம், முகரலாம், கடிக்க முடியாது. இந்த வேலியை ஒன்றாக வாங்கக் கூடாது, இரண்டாகவே வாங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டாவதற்குப் பணம் இல்லையென்றால், நெருக்கமான கண்ணியுள்ள கொசுவலைக் கம்பியை முதல் வேலியில் அரை மீட்டர் உயரத்துக்கு வெளிப்புறமாகக் கட்டலாம். ஆனால் முயல் அதன் விளிம்பைக் கொறிக்காமல் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை இறுதியில் பஞ்சுவுக்கும் கருத்தடைச் சிகிச்சை முடிந்தது. ஆறு வாரம் இரட்டை வேலிக்கு இருபுறமும் அவர்கள் வாழ்ந்தார்கள். இந்த ஆறு வாரத்தை வெறும் காத்திருப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பழக்குதலின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. இரண்டு நாளுக்கு ஒரு முறை இடம் மாற்றினேன்: பஞ்சு அவர்கள் பக்கத்துக்கும் அவர்கள் பஞ்சுவின் பக்கத்துக்கும் போனார்கள், கழிவுத்தட்டும் தரையில் விரித்த பவானி ஜமுக்காளமும் மாறாமல் அங்கேயே இருந்தன. எதிரியின் வாசனையில் உண்டு உறங்கினால், நாளடைவில் அது எதிரியின் வாசனையாக இருப்பதில்லை. முதல் வாரம் கரும்பி வேலியோரமாக நடந்துகொண்டே இருந்தாள். வால் நிமிர்ந்திருக்கும், காதுகள் பின்னால் ஒட்டியிருக்கும், தாடையைக் கம்பி கம்பியாக உரசித் தன் வாசனையைப் பதிப்பாள். கீரையை வேலிக்கு இருபுறமும் மூன்றடி தள்ளி வைத்தேன். நாளுக்குச் சிறிது சிறிதாக நெருக்கினேன். நான்காம் வாரத்தில் முருங்கைக்கீரைக் கொத்து இரண்டும் வேலியை ஒட்டியே இருந்தன. இருவரும் தலை நிமிராமல் தின்றார்கள். ஐந்தாம் வாரத்தில் ஒரு மதியம், பஞ்சு தன் பக்கத்தில் ஒருக்களித்துக் கால் நீட்டிப் படுத்திருக்க, மறுபக்கத்தில் சோளமும் அதே போல் படுத்திருந்தான். முதுகுக்கு முதுகு, நடுவே அந்த ஒரு சாண். நான் எதிர்பார்த்திருந்த அடையாளம் அதுதான். எதிரி அருகில் இருக்கும்போது எந்த முயலும் அப்படிப் படுப்பதில்லை.

செப்டம்பர் நடுவில் நேரடிச் சந்திப்பைத் தொடங்கினோம். மூன்று முயல்களும் ஒருபோதும் நுழையாத இடம் வேண்டும். அதற்கு மாடியில் தையல் இயந்திரம் இருக்கும் அறையைக் கொடுத்தார் என் மாமியார். தரையை வினிகர் கலந்த நீரால் துடைத்தேன். வழுக்கும் டைல்ஸில் முயல் தடுமாறும், தடுமாறினால் அச்சம் கூடும் என்பதால் துவைத்த ஜமுக்காளத்தை விரித்து, அதன்மேல் எண்கோணமாக வேலியை நிறுத்தினேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். முயலுக்கு வியர்க்காது, உடம்பின் சூட்டைக் காதுகளின் வழியாகத்தான் பெரிதும் இறக்குகிறது, 30 டிகிரிக்கு மேல் துரத்தலும் ஓட்டமும் அதன் உயிருக்கு ஆபத்து. சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கையில் தோல் கையுறை. மடியில் ஒரு முறம். சண்டையிடும் முயல்களை வெறும் கையால் விலக்கப் போனவர்களின் விரலில் தையல் போட வேண்டி வரும். நீரைப் பீய்ச்சுவதும் சத்தம் போடுவதும் அச்சத்தைத்தான் கூட்டும். முறத்தை நடுவில் நழுவவிட்டால் இருவருக்கும் இடையே ஒரு சுவர் எழுந்துவிடுகிறது. ஒருவர் முகம் ஒருவருக்கு மறைந்ததும் வேகம் தணிகிறது. இதற்கென்றே விற்கப்படும் பலகையை நான் பார்த்திருக்கிறேன். முறம் அதைவிட இலகுவானது, விளிம்பு மெல்லியது, தரையோடு ஒட்டி நகர்கிறது.

முதல் நாள் ஐந்து நிமிடம்தான். கரும்பி நேராகப் பஞ்சுவின் பின்னால் போய் ஏறினாள். இதைச் சண்டை என்று எண்ணிப் பலர் பிரித்துவிடுகிறார்கள். யார் மூத்தவர் என்பதை நிலைநாட்டும் வழக்கம் அது, பெண்ணும் செய்யும். கீழே இருப்பவர் அமைதியாக இருந்தால் சில நொடி விட்டுவிடலாம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்க வேண்டும். கீழிருப்பவர் கடித்தால் பிறப்புறுப்பில் காயம் விழும். உரோமத்தை இழுப்பதும் சிறிது துரத்துவதும் போகட்டும். இருவரும் ஒருவர் பின்னால் ஒருவர் வட்டமாகச் சுழலத் தொடங்கினால் ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது; அடுத்தது இரண்டும் ஒன்றையொன்று கவ்வி உருள்வதுதான். இரண்டாம் நாள் அந்தச் சுழற்சி தொடங்கியது. முறம் போட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பஞ்சுவின் மீதிருந்த கோபத்தைக் கரும்பி சோளத்தின்மேல் காட்டினாள். ஒன்றரை ஆண்டு ஒரே பெட்டியில் படுத்தவன் அவன். தொடையிலிருந்து ஒரு கற்றை உரோமம் அவள் வாயில் இருந்தது. அன்று இரவு நான் அழுதேன். மூன்று நாள் சந்திப்பை நிறுத்தி, மூவரையும் பழையபடி வேலிக்கு இருபுறமும் விட்டு, பிறகு முதலில் சோளத்தையும் பஞ்சுவையும் மட்டும் நான்கு நாள் சந்திக்க வைத்தேன். அவர்களுக்குள் தகராறே இல்லை. ஆணும் பெண்ணுமாகச் சேர்ப்பது பெரும்பாலும் எளிது என்று சொல்வது என் வீட்டில் உண்மையாயிற்று. அதன்பின் கரும்பியைச் சேர்த்தபோது, பஞ்சு தன் தலையைத் தரையோடு தாழ்த்தி, கரும்பியின் மூக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். முயல்களிடையே அது, என்னை நக்கிவிடு என்ற வேண்டுகோள். கரும்பி ஒரு நிமிடம் போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் தலையைத் தாழ்த்தினாள். இரண்டு தலைகளும் அப்படியே. யாரும் நக்கவில்லை; யாரும் கடிக்கவுமில்லை. இடையில் சோளம் வந்து இருவர் நெற்றியையும் மாறி மாறி நக்கினான். சந்திப்பு தொடங்கிய பதினான்காம் நாள், கரும்பி பஞ்சுவின் கண்ணோரத்தை மூன்று முறை நக்கினாள். நேரத்தை அதன்பின் அரை மணி, இரண்டு மணி, அரை நாள் என்று கூட்டினேன். இரவும் பகலுமாக இரண்டு நாள் அந்த மாடி அறையிலேயே நான் பாய் விரித்துப் படுத்துக் கண்காணித்த பிறகுதான், நன்றாகக் கழுவிப் பொருள்களின் இடத்தையெல்லாம் மாற்றியமைத்த கீழ் அறைக்கு மூவரையும் ஒன்றாக இறக்கினோம்.

காரில் வைத்து ஊரைச் சுற்றினாலும், ஓடும் சலவை இயந்திரத்தின் மேல் வைத்தாலும் பயத்தில் ஒட்டிக்கொண்டு பழகிவிடும் என்று சிலர் எனக்குச் சொன்னார்கள். பயத்தில் உறைந்து உட்காருவது பழக்கம் ஆகாது. அஞ்சிய முயல் தின்பதை நிறுத்தும். தின்பதை நிறுத்திய முயலின் குடல் நின்றுபோகும். அதைச் செய்யாதீர்கள்.

வேலியின் மற்றக் குறைகளுக்கு வருகிறேன். தரையில் ஊன்றுவதற்கென்று நான்கு முளைகள் கொடுத்திருக்கிறார்கள். மண்தரையில் பயன்படும், வீட்டுத் தரையில் பயனில்லை. நான்கு கிலோ எடையுள்ள பஞ்சு தோளால் தள்ளினால் வேலி முழுவதும் நகர்கிறது. ஒரு சாண் இடைவெளி இரண்டு விரல் இடைவெளியாகச் சுருங்கியிருந்ததை ஒரு நாள் காலையில் கண்டேன். காயம் உண்டாக்கக்கூடிய இரண்டாவது குறை என்று நான் சொன்னது இதுவே. இரண்டு வேலிகளுக்கும் நடுவே ஒரு சாண் நீள மரத்துண்டுகளை வைத்து, கேபிள் டை கொண்டு இருபுறமும் இறுக்கிக் கட்டியபின் நகரவில்லை. கதவின் தாழ்ப்பாள் தளர்வானது. சோளம் இரவில் பல்லால் பிடித்து ஆட்டும்போது கடகடவென்று வீடே விழித்துக்கொள்ளும். துணி சுற்றி, ஒரு கொக்கியும் போட்டேன். கம்பிமேல் பூசிய கறுப்புப் பூச்சு, பல் படும் இடங்களில் எட்டு மாதத்தில் உரிந்துவிட்டது. அந்தத் தட்டிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். கழிவுத்தட்டுக்கு அருகில் உள்ள தட்டிகளின் அடிக்கம்பியில் துரு ஏறிவிட்டது. முயலின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வெள்ளையாகப் படியும் அதை வினிகர் கொண்டு துடைத்து, உடனே உலர்த்தாவிட்டால் நம் கடலோரக் காற்றில் துரு விரைவாகவே வரும். உயரத்தில் மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 60 செ.மீ. உயர வேலி 900 ரூபாய் குறைவாகக் கிடைத்தது. அதை வாங்காததே நல்லது. அந்த உயரத்தை கரும்பி நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடுவாள். பழக்காத முயல் இருக்கும் பக்கத்தில் அவள் போய் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

துணியாலான மடக்குக் கூடாரமும் இதே விலையில் கிடைக்கிறது. அரை மணி நேரத்தில் அதைக் கொறித்து வாசல் செய்துகொள்ளும். கம்பித்தரை உள்ள பண்ணைக் கூண்டில் பாதம் புண்ணாகும். பழக்குவதற்கு அதில் இடமும் இல்லை. மூங்கில் தட்டி அழகானது, கொறித்தாலும் கெடுதல் இல்லை, ஆனால் மறுபக்கம் தெரியாது. பார்க்க முடிவதுதான் கம்பி வேலியின் சிறப்பு.

இப்போது இரண்டு வேலிகளும் சேர்ந்து, சுவரை ஒட்டி, மூவருக்கும் நிலையான ஓர் இடமாக இருக்கின்றன: பக்கத்துக்கு நான்கும் முன்னால் எட்டுமாக நிறுத்தி, 11 சதுர மீட்டருக்கு மேல். மூன்று கழிவுத்தட்டுகள், இரு வாசல் உள்ள மூன்று அட்டைப்பெட்டிகள், மூன்று நீர்க்கிண்ணங்கள். குழுவாக வளர்க்கும்போது எதுவும் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது, ஒளியும் இடத்துக்கு இரண்டு வாசல் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. கோடையில் உறைய வைத்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தால் மூன்று முதுகுகளும் அதைச் சுற்றிக் கிடக்கும். மருத்துவரிடம் ஒருவரைக் கொண்டுபோனாலும் மூவரையும் கொண்டுபோகிறேன். ஒருவர் மட்டும் மருத்துவமனை வாசனையோடு திரும்பி வந்தால் மற்றவர்கள் அந்நியராக எண்ணித் தாக்கக் கூடும்.

இந்த ஏப்ரலில் சோளம் ஒரு காலை கீரையைத் தொடவில்லை, புழுக்கையும் இல்லை. 12 மணி நேரம் தின்னாத முயலுக்கு அது அவசர நிலை. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் அவன் எவ்வளவு தின்கிறான், எத்தனை புழுக்கை போடுகிறான் என்று எண்ண வேண்டியிருந்ததால், தட்டிகள் ஆறைக் கழற்றி, அதே இடத்துக்குள்ளேயே அவனுக்கு ஒரு சிறு தடுப்பு அமைத்தேன். வேறு அறைக்குக் கொண்டுபோகாமல், துணைகளின் மூக்கு எட்டும் தொலைவிலேயே ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ள முடிவது, இந்த வேலி கொடுத்த பயன்களில் நான் வாங்கும்போது நினைத்துக்கூடப் பார்க்காதது. மூன்று இரவும் பஞ்சு அந்தக் கம்பியோடு ஒட்டிப் படுத்திருந்தாள். சோளம் உள்ளிருந்து தலையைக் கம்பிக்கு அடியில் தாழ்த்தினால், வெளியிலிருந்து நக்கிக் கொடுத்தது கரும்பி. நான்காம் நாள் காலை நிறையப் புழுக்கைகள் கிடந்தன. தடுப்பைத் திறந்தேன். சோளம் வெளியே வருவதற்குள் பஞ்சு உள்ளே போய்விட்டாள்.